வரதனைக் கடித்த மாமல்லன்

மாமல்லபுரம் குப்பம்
5-6-1978

ஒரு கையில் சட்டமும் மறு கையில் தட்டச்சு யந்திரமும் ஏந்தி, செங்கல்பட்டு வக்கீல் ஏசுபாதம் அவர்களின் ஆபீசைச் சரியாமல் தாங்கி நிற்கும் ஒரே தூணான என் அக்காள் மகள் வச்சலாவுக்கு, தாய்மாமன் நீலமேகம் கடற்கரையிலிருந்து எழுதுவது.

நானும் உன் அத்தை சம்பூர்ணமும் சுகம். மாமல்லனும் சுகம். அவனைப் பற்றிச் சுகம் என்று மட்டும் சொன்னால் போதாது. நேற்று நம் குப்பத்துக்குத் தலையாரி வந்து, அரசாங்கத்தின் கோபுர முத்திரை குத்திய காகிதம் ஒன்றை என் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். அதில் மாமல்லன் பெயர் இருக்கிறது. இந்தக் கடற்கரையில் எத்தனை பேர் பிறந்து, வலை வீசி, வயதாகிப் போயிருக்கிறார்கள். ஒருத்தன் பெயரையாவது சர்க்கார் இப்படி அச்சடித்துக் கூப்பிட்டதுண்டா? ஒரு நாயின் பெயரைக் கூப்பிட்டிருக்கிறது. வளர்த்தவன் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

காகிதத்தில் எனக்கு விளங்கியவை மூன்றே பெயர்கள்: என் பெயர், மாமல்லன் பெயர், வரதன் பெயர். மற்றதெல்லாம் சர்க்கார் தமிழ். வரதனை உனக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்டு பக்கம் நம் சங்குக் கடையை ஒட்டியே இன்னொரு சங்குக் கடை போட்டு, என் கடைக்கு வருகிறவர்களைக் கையைப் பிடித்து இழுக்கிறானே, அவன்தான்.

ஏப்ரலில் நடந்ததை நீ முழுதாகக் கேள்விப்பட்டிருக்க மாட்டாய். ஒரு சாயங்காலம் வரதன் நம் வீட்டு வேலியருகே வந்து நின்றான். எதற்கு வந்தான் என்பது அவனுக்கும் கடவுளுக்கும் தெரியும். மாமல்லன் எழுந்தான். ஒரே உறுமல். கடல் நாலடி பின்வாங்கியது. கலங்கரை விளக்கம் ஒரு சுற்று சுற்ற மறந்து நின்றது. அடுத்த கணம் வரதனின் கெண்டைக்கால் மாமல்லனின் வாயில். அந்தக் கடிக்கு வரதன் பதினாலு நாள் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடந்து தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்டான். இப்போது அவன் வயிற்றில் கோலம் போடலாம், புள்ளி தயாராக இருக்கிறது.

காகிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். உன் வக்கீலிடம் சொல்லி, மாமல்லனின் கீர்த்திக்குக் குறைவு வராதபடி ஒரு பதில் எழுதச் சொல். செலவு ஆனாலும் பரவாயில்லை.

அத்தை கருவாடு அனுப்பச் சொன்னாள். தபாலில் அனுப்பினால் தபால்காரர் சண்டைக்கு வருவார் என்று நிறுத்திவிட்டேன்.

இப்படிக்கு,
நீலமேகம்


செங்கல்பட்டு
8-6-1978

அன்புள்ள மாமாவுக்கு,

காகிதத்தைப் படித்தேன். இரண்டு தரம் படித்தேன். பிறகு எங்கள் சாரிடம் கொடுத்தேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். அவர் அப்படிச் செய்தால் விஷயம் நல்லதில்லை என்று எனக்கு இந்த மூன்று வருஷத்தில் தெரியும்.

மாமா, அது மரியாதைக் காகிதம் இல்லை. மாமல்லனைக் கொல்ல ஏன் உத்தரவிடக் கூடாது என்று உங்களைக் கேட்டிருக்கிறார்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133 என்று ஒரு பிரிவு. ஜனங்களுக்கு ஆபத்தான மிருகம் என்று ருசுவானால் அதைக் கொல்லவோ, கட்டிவைக்கவோ, வேறெங்காவது அப்புறப்படுத்தவோ சப்-கலெக்டர் உத்தரவிடலாம். வரதன் மாமா கொடுத்த மனுவில் கொல்ல வேண்டும் என்றுதான் கேட்டிருக்கிறது. இம்மாதம் 26-ஆம் தேதி திங்கட்கிழமை, காலை பத்தரை மணிக்கு நீங்கள் செங்கல்பட்டில் ஆஜராக வேண்டும்.

கடித்தது என்பதற்கு அவர் கொடுத்த சாட்சி யார் தெரியுமா? நீங்கள். மனுவோடு இரண்டு தஸ்தாவேஜு சேர்த்திருக்கிறார். ஒன்று, ஊர்ப் பஞ்சாயத்து நோட்டின் நகல். அதை அப்படியே எழுதுகிறேன்: "மாமல்லன் என்னும் வீரநாய் மேற்படி வரதனைக் கடித்ததை அதன் சொந்தக்காரர் நீலமேகம் பெருமையுடன் ஒப்புக்கொண்டு, அபராதத்தை உடனே கட்டி, நாயின் பெயரை முழுதாக எழுதும்படி கேட்டுக்கொண்டார்." ஊரில் அபராதம் போட்டால் எல்லாரும் குறைக்கச் சொல்லிக் கெஞ்சுவார்கள். நீங்கள் பெயரை முழுதாக எழுதச் சொல்லியிருக்கிறீர்கள்.

இரண்டாவது, உங்கள் வேலியில் தொங்கும் பலகையின் போட்டோ. "ஜாக்கிரதை. இங்கு வசிப்பவன் வரதனைக் கடித்த மாமல்லன். அடுத்தது நீங்களா?"

சார் என்னிடம் கேட்டார்: "வாதாட எனக்கு என்ன மிச்சம் வைத்திருக்கிறார் உன் மாமா?"

போன பொங்கலுக்கு வந்தபோது மாமல்லன் ஒரு வாத்தைக் கண்டு கட்டுமரத்துக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டதை நான் பார்த்தேன். அதனால் கேட்கிறேன். அன்றைக்கு நிஜமாக என்ன நடந்தது? கடலையும் கலங்கரை விளக்கத்தையும் விட்டுவிட்டு எழுதுங்கள். பலகையை இந்தக் கடிதம் கிடைத்த உடனே கழற்றுங்கள்.

அன்புடன்,
வச்சலா


மாமல்லபுரம் குப்பம்
11-6-1978

என் மருமகளும், சட்டத்தின் மூத்த மகளுமான வச்சலாவுக்கு,

உன் கடிதத்தை அத்தையிடம் உரக்கப் படித்துக்கொண்டு வந்தேன். "கொல்ல" என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன். அவள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். வெளியே வந்தபோது மாமல்லனுக்கு ஒரு சட்டி நிறைய மீன்குழம்புச் சோறு. எனக்கு அன்று ராத்திரி சாப்பாடு கிடையாது.

கவலைப்படாதே. மூன்று வழி யோசித்து வைத்திருக்கிறேன். முட்டுக்காட்டில் அத்தையின் தங்கை வீடு இருக்கிறது. அங்கே ஓடைக்கு அந்தப்பக்கம் மாமல்லனை இறக்கிவிட்டால் சப்-கலெக்டர் நீந்தியா வரப்போகிறார்? இல்லாவிட்டால் படகில் ஏற்றி நடுக்கடலுக்குக் கொண்டுபோய் விடுகிறேன். செங்கல்பட்டுச் சட்டம் எத்தனை பாகம் ஆழம் வரைக்கும் செல்லும் என்று உன் வக்கீலைக் கேட்டுச் சொல். மூன்றாவது, மாமல்லனுக்குப் பதிலாக நானே சிறை செல்கிறேன். நாற்பது வருஷம் உப்புக்காற்றில் நின்ற உடம்பு, தாங்கும்.

நீ கேட்ட வாக்குமூலத்தை எழுத மூன்று தடவை உட்கார்ந்தேன். மூன்று தடவையும் மாமல்லன் எழுந்தான், உறுமினான் என்றுதான் பேனா போகிறது. அதை அடித்து எழுதினால் இன்னும் பெரிதாக உறுமுகிறான்.

பலகை விஷயம். அதற்குப் பச்சை, சிவப்பு என்று இரண்டு வர்ணம் அடித்திருக்கிறேன். வெள்ளைக்காரர்கள் நின்று போட்டோ எடுக்கிறார்கள். கழற்றத்தான் வேண்டுமா?

அத்தை ஒரு வரி சொல்லி எழுதச் சொன்னாள். அவள் அந்த நாயை மாமல்லன் என்று கூப்பிடுவதில்லை, கருவாடு என்பாள். அவள் சொன்னபடியே: "வச்சலா, கருவாடு யாரையும் கடிக்காது. நான் தட்ட வச்சிட்டு நகுந்து நின்னாத்தான் கிட்ட வந்து துன்னும். உங்க மாமன் வாய்தான் ஊர கடிக்குது."

அவள் சொன்னதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாதே.

நீலமேகம்


செங்கல்பட்டு
14-6-1978

மாமாவுக்கு,

அத்தை சொன்னதை மட்டும்தான் கணக்கில் எடுத்துக்கொண்டேன்.

முட்டுக்காடும் இதே சப்-கலெக்டருக்கு உட்பட்டதுதானா என்று நான் பார்க்கப்போவதில்லை. நாயை ஒளித்து வைத்தால் ஆபத்தான நாய் என்பதை நீங்களே மூன்றாம் தரமும் ஒப்புக்கொண்டதாகும்.

எனக்குக் கோபம், மாமா. எழுதியே விடுகிறேன். போன ஆவணியில் மதுராந்தகத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்களே, அவர்களிடம் என்ன சொன்னீர்கள்? ஹைகோர்ட் ஜட்ஜ் ஒருவர் என் கையால் டைப் செய்த தீர்ப்பைத்தான் வாசிப்பார், கார் அனுப்பி என்னை அழைத்துப்போகிறார் என்று. அவர்கள் பயந்து எழுந்துபோனார்கள். அன்று நான் சிரித்தேன். எனக்கும் அந்தப் பையனைப் பிடிக்கவில்லை, அதனால் சிரிக்க முடிந்தது. இந்தத் தடவை சிரிக்க முடியாது. எழுந்துபோகப்போவது மாமல்லனின் உயிர்.

வரதன் மாமா பிற்பாடு கொண்டுவந்து சேர்த்த ஆஸ்பத்திரிச் சீட்டின் நகலை நேற்றுப் பார்த்தேன். டாக்டர் எழுதியிருக்கிறார்: கெண்டைக்காலில் நேரான வெட்டு ஒன்று, நீளம் ஐந்து அங்குலம். நாய் என்று நோயாளி சொன்னதால் ஊசி. அவ்வளவுதான். பல் பதிந்த தடம் என்று ஒரு வார்த்தை இல்லை. ஐந்து அங்குலத்துக்கு நேராகக் கோடு கிழிக்கும் பல் எந்த நாய்க்கும் கிடையாது என்று சார் சொல்கிறார்.

பதில் மனுவை டைப் செய்துவிட்டேன். நடுவில் ஒரு வரிக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறேன். அன்று நீங்கள் கண்ணால் கண்டது. அந்த வரியை என்னால் யூகித்து எழுத முடியும். எழுத மாட்டேன். அதை நீங்கள்தான் எழுத வேண்டும், எழுதியதைத் திங்கட்கிழமை ஊர்ஜனம் முன்னால் உங்கள் வாயால் சொல்லவும் வேண்டும்.

அது வரும்வரை நான் வேறு கடிதம் எழுதப்போவதில்லை.

வச்சலா


மாமல்லபுரம் குப்பம்
18-6-1978

வச்சலாவுக்கு,

மாமல்லன் கடிக்கவில்லை.

நான் வாசலில் வலையின் கிழிசலை முடிந்துகொண்டிருந்தேன். வரதன் வேலிக்கு வந்து, சிப்பி மாலைகளை அவன் கடைப்பக்கம் நான் தொங்கவிடுவதைப் பற்றிக் கேட்டான். பேச்சு வளர்ந்தது. அவன் குரலை உயர்த்தினான். மாமல்லன் பயந்து எழுந்து படகுக்கு அடியில் ஓடினான். ஓடுகிற வழியில் வரதன் காலடியில் போனான். வரதன் மிரண்டு பின்னால் துள்ளினான். வேலியில் நான் அடித்திருந்த தகரம் அவன் காலைக் கிழித்தது. ரத்தம் வந்தது. அவன் திரும்பியே பார்க்காமல் ஓடிவிட்டான். நாய் கடித்தது என்று நினைத்துக்கொண்டான்.

அவனைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

ஏன் என்று கேட்பாய். அதற்கு முந்தின மாசம் கரையில் ஒரு நண்டு மாமல்லன் மூக்கைக் கவ்விக்கொண்டது. அவன் அழுதுகொண்டே குப்பம் முழுக்க ஓடினான். ஏலம் கூவுகிற இடத்தில் அத்தனை பேரும் பார்த்தார்கள். அதற்கப்புறம் நான் போகிற இடமெல்லாம், "இன்னா அண்ணாத்த, நண்டு எப்படி கீது?" என்றுதான் விசாரிப்பு. நான் அவனை ராஜா பெயர் வைத்துக் கூப்பிட்டவன். மறுநாள் காலையில் டீக்கடைக்குப் போனபோது, வரதனை உன் நாய் கடித்துவிட்டதாமே என்று கேட்டார்கள். யாரும் சிரிக்கவில்லை. எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள். ஆமாம் என்று சொன்னேன்.

அந்த ஆமாம் அப்படியே வளர்ந்துவிட்டது.

மூன்றாவது ஊசி போட்டுக்கொண்டு வரதன் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது எதிரில் நான் நின்றிருந்தேன். வயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டு நடந்தான். அப்போது சொல்ல வாயெடுத்தேன். பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள். இன்னும் பதினோரு ஊசி பாக்கி என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வீட்டுக்கு வந்து பலகைக்கு வர்ணம் அடித்தேன்.

பலகையைக் கழற்றிவிட்டேன். அடுப்பில் வைத்தாகிவிட்டது.

நீ எழுதாமல் இருக்காதே.

மாமா


செங்கல்பட்டு
20-6-1978

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. ஆபீசில் உட்கார்ந்து படிக்க முடியவில்லை, எழுந்து வெளியே போய்ப் படித்தேன். நீங்கள் எழுதிய முதல் வரியை நான் விட்ட இடத்தில் அப்படியே டைப் செய்தேன். ஒரு எழுத்தும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

ஊசி விஷயத்தில் உங்களை மன்னிக்க நான் யார்? அது வரதன் மாமாவிடம் பேச வேண்டியது. அவர் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள். மன்னிப்பு என்று ஒன்று கேட்டால், அதில் அவரை ஒரு ராஜாவாகவும் உங்களை ஒரு பிச்சைக்காரனாகவும் ஆக்காதீர்கள். அதுவும் அளப்புதான்.

26-ஆம் தேதி நான் சென்னையில் இருப்பேன், டைப்பிங் ஹையர் பரீட்சை. அன்றைக்கென்று வந்து விழுந்தது. சார் உங்களோடு வருவார். சப்-கலெக்டர் பார்க்கக் கேட்கலாம் என்பதால் மாமல்லனைக் கூட்டி வாருங்கள். கயிறு புதிதாக இருக்கட்டும். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில். எந்தப் பதிலிலும் கடல், ராஜா, சிங்கம், புலி வரக் கூடாது. சார் உங்கள் பக்கத்தில் நிற்பார். நீங்கள் மூச்சை இழுத்துப் பிடித்தால் உங்கள் காலை மிதிக்கச் சொல்லியிருக்கிறேன்.

நடந்ததை எனக்கு நீங்களே எழுத வேண்டும். சாரும் எழுதுவார், ஒத்துப் பார்ப்பேன்.

அத்தை சாப்பிடுகிறாளா? நீங்கள்?

அன்புடன்,
வச்சலா


மாமல்லபுரம் குப்பம்
28-6-1978

அன்புள்ள வச்சலாவுக்கு,

பரீட்சை நன்றாக எழுதியிருப்பாய். சென்னையே எழுந்து நின்று கைதட்டியிருக்கும் என்று எழுதத்தான் கை போகிறது. உன் சாருடைய கடிதத்தோடு ஒத்துப் பார்க்கப்போகிறாய் என்பதால் விட்டுவிடுகிறேன்.

நாயை ஏற்ற மாட்டேன் என்று பஸ் கண்டக்டர் சொல்லிவிட்டார். மீன் ஏற்றிக்கொண்டு போகும் ஐஸ் லாரியில் பின்னால் உட்கார்ந்து போனோம். மாமல்லன் என் மடியிலேயே தலையை வைத்துக்கொண்டு வந்தான். திருக்கழுக்குன்றம் தாண்டும் வரையில் அவனைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

குப்பத்திலிருந்து முப்பது பேராவது வந்திருந்தார்கள். எண்ணினேன், முப்பத்திரண்டு. சப்-கலெக்டர் சின்ன வயசு. உங்கள் நாய் கடித்ததா என்று கேட்டார். கடிக்கவில்லை என்றேன். அப்படியானால் பஞ்சாயத்தில் ஏன் ஒப்புக்கொண்டீர்கள் என்றார். உன் சார் என் காலை மிதிக்கவில்லை, நான் மிதிக்கும்படி நடந்துகொள்ளவில்லை. "பெருமைக்குங்க" என்றேன். பின்னால் சிரித்தார்கள். நண்டைப் பற்றியும் சொன்னேன். இன்னும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது, ஆனால் சொல்லி முடித்தேன்.

அப்புறம் நான் நினைக்காதது நடந்தது. வரதன் ஒத்துக்கொள்ளவில்லை. "கடிச்சதுங்க. எனுக்கு தெரியாதா? பதினாலு ஊசி போட்டுக்கினு கீறேன்" என்று நின்றான். உன் சார் ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டினார். நேரான வெட்டு என்று வாசித்தார். வரதன் முகம் செத்துப்போயிற்று. பின்னால் நின்ற கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடித்தது என்றால் அவன் புலியிடம் தப்பித்தவன். கடிக்கவில்லை என்றால் தகரத்துக்குப் பதினாலு ஊசி போட்டுக்கொண்டவன். என் பேச்சை நம்பி இரண்டு மாசமாக அவனும் அதன் மேலேதான் நின்றுகொண்டிருந்திருக்கிறான்.

நாயைக் கொண்டுவரச் சொன்னார்கள். கயிற்றைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தேன். அந்த நேரம் பார்த்து ஸ்டேஷனில் ரயில் ஊதியது. மாமல்லன் கயிற்றை உருவிக்கொண்டு ஓடினான். என்னிடம் வரவில்லை. நேராக வரதனிடம் போய், அவன் வேட்டிக்குப் பின்னால் புகுந்து, அவன் காலோடு ஒட்டிக்கொண்டு நின்றான். உடம்பு முழுக்க நடுக்கம். வரதன் சப்-கலெக்டரைப் பார்த்துக்கொண்டே நின்றான், ஆனால் அவன் கை தானாகக் கீழே போய் மாமல்லன் தலையைத் தடவியது. "ஒண்ணும் இல்லடா, ரயில்தான்" என்றான்.

யாரும் சிரிக்கவில்லை. சப்-கலெக்டர் வரதன் பக்கம் திரும்பினார். மனுவை வாபஸ் வாங்குகிறீர்களா என்று கேட்டார். வரதன் தலையாட்டினான். நாய் கடிக்கவில்லை, ஆபத்தானதும் இல்லை என்று எழுதி முடித்துவிட்டார்கள்.

திரும்பும்போது வரதனும் அதே லாரியில் ஏறிக்கொண்டான். ஐஸ் இல்லை, ஈரச் சாக்குதான். மாமல்லன் எங்கள் இருவருக்கும் நடுவில் தூங்கினான். மாமல்லன் உன்னிடம் எப்படி வந்தான் என்று கேட்டேன். தினமும் காலையில் கடை திறக்கும்போது அதற்கு ஒரு பன் போடுவானாம். இரண்டு வருஷமாக. எனக்குத் தெரியாது. அப்புறம் ஏன்டா கொல்லச் சொல்லி எழுதினாய் என்றேன். "நான் எங்க சொன்னேன்? அந்த பலகைய எடுக்க ஒரு மனு எழுதிக் குடுங்கன்னு கேட்டேன். எழுதறவரு இன்னாத்தையோ எழுதி கைநாட்டு வாங்கிக்கினாரு. அதுல இன்னா கீதுன்னு எனுக்கு தலையாரி வந்தப்புறந்தான் தெரியும். அதுக்கப்புறம் எப்படி பின்வாங்கறது?" என்றான்.

எனக்கும் அதே கதைதான் என்று சொல்லவில்லை. அவன் மூன்றாவது ஊசி போட்டுக்கொண்டு வந்த நாளில் நான் எதிரில் நின்றதைச் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை, தப்பு என்னுடையது என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். புலிக்குன்றம் வந்தபோது, "வலிச்சுது நீலமேகம். ரொம்ப வலிச்சுது" என்றான். இறங்கும்போது மாமல்லன் கயிற்றை அவன்தான் பிடித்துக்கொண்டு இறங்கினான்.

நேற்றுக் காலை டீக்கடையில் நாங்கள் இரண்டு பேரும் இருந்தோம். கோர்ட்டுக்கு வராதவர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள், என்ன ஆயிற்று அண்ணாத்த என்று. நீ நம்ப மாட்டாய். வரதனைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு டீயை ஊதினேன். வரதன் என்னை ஒரு பார்வை பார்த்தான். அப்புறம் மெல்ல ஆரம்பித்தான். நாய் உள்ளே வந்ததும் டவாலிச் சேவகன் மேஜை மேல் ஏறிவிட்டானாம். சப்-கலெக்டர் நாற்காலியோடு நாலடி பின்னால் போனாராம். தான் ஒருத்தன்தான் கடி வாங்கின பழக்கத்தில் பயப்படாமல் போய் அதைப் பிடித்து அடக்கினானாம். வந்திருந்த முப்பத்திரண்டு பேரில் ஐந்தாறு பேர் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். அவர்களும் ஒன்றும் சொல்லவில்லை. ஒருத்தன் மட்டும், மேஜையில் ஏறினது ரெண்டு டவாலி என்று திருத்தினான்.

நல்லாத்தான் சொன்னான். நான் சொல்லியிருந்தால் இன்னும் கொஞ்சம் நல்லாயிருந்திருக்கும்.

உத்தரவின் நகல் பத்து நாளில் கிடைக்கும் என்று உன் சார் சொன்னார். கண்ணாடி போட்டுக் கடையில் மாட்டலாம் என்று நீ நினைப்பாய், எனக்கும் முதலில் அந்த ஆசை வந்தது. வேண்டாம். அதில் நாய் கடிக்கவில்லை என்று எழுதியிருக்கும். இந்தப் பக்கம் அனுப்பாதே. உன் பெட்டியிலேயே, துணிக்கு அடியில் வைத்திரு.

அன்புள்ள மாமா,
நீலமேகம்